விலைப்பட்டியல் எழுதுகிறவன்

கோவென்ட்ரி, 1897.
மாடியில் என் மேசை. கீழே
குழாய்களைப் பற்றவைக்கும் உலை.
கரி படிந்த தாளில்
வாரம் இரண்டு பவுனுக்குக் கூசாமல் எழுதுகிறேன்:
'எங்கள் டயருக்குக் கல்லும் பஞ்சு.'
'எங்கள் விளக்கு புயலுக்கும் தலைகுனியாது.'
(கெசையா ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனாள்.
பாலம் தாண்டுமுன் அணைந்துவிட்டது.)

மணி, மூன்று ஷில்லிங்.
எண்ணெய்க் குப்பி, ஆறு பென்ஸ்.
பாவாடை சக்கரத்தில் சிக்காதிருக்கப் பட்டுநூல் வலை.
துரத்தும் நாய்களுக்கென்று
உள்ளங்கைக்குள் அடங்கும் துப்பாக்கி.

சுவரொட்டியில் ஒரு தேவதை.
வெறுங்கால், வெள்ளைத் துகில்,
கைப்பிடியில் ஒற்றை விரல்.
பிரேக்கையும் வரையச் சொன்னோம்.
அழகு கெடும் என்றார் ஓவியர்.

நற்சான்று ஒன்று வேண்டும் என்றார் முதலாளி.
ஒரு பாதிரியாரைப் படைத்தேன்:
ஷ்ராப்ஷயர், அருட்திரு எபனேசர் விக்,
வயது அறுபத்திரண்டு, ஓட்டியது நாலாயிரம் மைல்,
மூட்டுவலி போயிற்று, பசி திரும்பிற்று.
உலகத்துக்குக் கடவுளுக்கு ஆறு நாள் ஆனது.
எனக்குத் தேநீர் ஆறும் நேரம்.

ஜூனில் பாதிரியார் பெயருக்குக் கடிதம் வந்தது.
கார்ன்வாலில் தபால் நிலைய எழுத்தர்,
தியோடோரா பென்ஹாலிகன்.
'ஐயா, உங்கள் சொல்லை நம்பிப்
பதினான்கு மாதத் தவணையில் வாங்கிவிட்டேன்.
எங்கள் ஊர் முழுக்கச் சரிவு.
இறக்கத்தில் பெடல் என்னை முந்திக்கொண்டு சுற்றுகிறது.
அப்போது நீங்கள்
கால்களை எங்கே வைப்பீர்கள்?'

மூன்று முறை படித்தேன்.
நான் சைக்கிளில் ஏறியதே இல்லை.

கெசையாதான் சட்டங்களில் பொன்கோடு இழுப்பவள்.
அன்றிரவு, கோடு காயாத வண்டி ஒன்றைத்
தள்ளிக்கொண்டு வந்தாள்.
'ஏறும், பாதிரியாரே.'
பிடித்திருக்கிறேன், பிடித்திருக்கிறேன் என்று
பின்னாலிருந்து கத்தினாள்.
குரல் மட்டும் தூரத்தில் கேட்டது.
சரிவு.
பெடல்கள் என் பாதங்களை உதறின.
தவளை போல் கால்களை விரித்துக்கொண்டு
யாரோ ஒரு நல்லவரின் முட்டைக்கோஸ் தோட்டத்துக்குள்
போய் இறங்கினேன்.
முழங்காலில் சரளை. உள்ளங்கையில்
கெசையாவின் பொன்கோடு, பாதி.

விடிந்ததும் எழுதினேன்:
'அன்புள்ள மிஸ் பென்ஹாலிகன்,
முன் கவையில் இரண்டு கால்தாங்கிகள் உண்டு.
அவற்றை எட்டுவதற்குள் நான் விழுந்துவிட்டேன்.
இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.
இத்துடன் ஒரு பிரேக் அனுப்புகிறேன். விலை இல்லை.'

கையெழுத்து வரவேண்டிய இடத்தில்
பேனா நின்றது.
கீழே உலை ஊதத் தொடங்கியிருந்தது.
அச்சகத்துப் பையன் வாசலில்
அடுத்த பதிப்புக்கு அவசரப்பட்டான்.
விக் என்று போட்டால் கடிதம் பொய்.
என் பெயரைப் போட்டால்
அவள் கட்டிய ஐந்து தவணையும் பொய்.

என் பெயரைத்தான் எழுதினேன்,
கொஞ்சம் சின்ன எழுத்தில்.
பிறகு, உறையை ஒட்டுமுன்:
'பின்குறிப்பு. விளக்கையும் நம்பாதீர்கள்.'