பச்சைச் சுடர்

ஸெனிட்சாவின் இரும்பு உருட்டாலை
இரண்டாம் ஷிப்ட் முடிகையில்
தன் கியர்ப்பெட்டிகளைக் கொப்பளித்துத் துப்பும்.
துப்பியதை அள்ளிவர
ஸியாதா டாங்கர் ஓட்டிப் போவாள்.

எள்ளை அறியாத எண்ணெய்.
நெய் என்று சொல்லவும் நா வராது.
மூன்று வருடம் இரும்புப் பற்களுக்கிடையில் கிடந்து கறுத்து,
தண்ணீரும் செம்புத்தூளும்
யாரோ தவறவிட்ட ஒரு கையுறையும் சேர்த்துக்கொண்டு
குழாயில் சோம்பலாக இறங்கும்.

காகிதத்தில் அதன் பெயர் கழிவு.
அவள் கொட்டகையில் நான்கு நாள் அசையாமல் நின்று
அடியில் நீரை விட்டுவிட்டு
எண்பது டிகிரியில் இளகி
மூன்று வடிகட்டிகளைக் கடந்தபின்
இன்னொரு காகிதத்தில் அதன் பெயர் எரிபொருள்.
இரண்டிலும் ஒரே கையெழுத்துதான்.
இரண்டாவதில் மட்டும் பேனா கொஞ்சம் அழுந்தியிருக்கும்.

சோதிக்கப் பெரிய கருவி ஏதுமில்லை.
சூடான தகடு ஒன்று:
சொட்டில் நீர் கலந்திருந்தால்
படபடவென்று பேச ஆரம்பிக்கும்,
இல்லையேல் வாய் திறக்காமல் புகையும்.
பிறகு ஒரு செப்புக் கம்பி.
நெருப்பில் பழுக்கவைத்து, எண்ணெயில் தொட்டு,
மறுபடி நெருப்பில் நீட்டு.
சுடர் மஞ்சளென்றால் ஏற்றிக்கொள்.
பச்சையாக எழுந்தால் உள்ளே குளோரின்.
அடுப்பில் எரித்தால் அது புகையோடு போய்விடாது.
புல்லில் இறங்கும், பாலில் ஏறும்,
பிறக்காத பிள்ளைக்கும் முன்னால் போய்க் காத்திருக்கும்.

ஜனவரி பதினேழு. மைனஸ் பதினாறு.
விசோகோ பக்கம் ஹைருதீனின் கண்ணாடிக் குடிலில்
நாலாயிரம் தக்காளிச் செடிகள்.
பாய்லர் டாங்கில்
விடியும்வரை தாங்காத எண்ணெய்.
"எது இருந்தாலும் கொண்டு வா" என்றான் போனில்.

இருந்தது ஆறு பீப்பாய்.
மூடிக்கிடந்த காகித ஆலையின்
மின்மாற்றியிலிருந்து நேற்று வந்தவை.
தேன் நிறம். அடிவரை தெரியும் தெளிவு.
அவள் இந்தத் தொழிலில் பார்த்ததிலேயே
இதுதான் சுத்தமான முகம்.

கம்பியை நீட்டினாள்.
பச்சை.
தேய்த்து, சுட்டு, மறுபடி நீட்டினாள்.
பச்சை.
மூன்றாம் முறை தன் கையையே சந்தேகித்து
எனெஸிடம் கொடுத்து நீட்டச் சொன்னாள்.
ஏப்ரலில் பீச் மரம் விடுமே முதல் தளிர்,
அந்தப் பச்சை.

"ஒரு ராத்திரிதானே" என்றான் எனெஸ்.

கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது
என்பார்கள்.
அவள் கண்ணில் நிஜமாகவே எண்ணெய் இருந்தது,
இமையோரம், துடைக்கத் துடைக்க.
பீப்பாய்களைப் பின்னறைக்கு உருட்டிப்
பூட்டைப் போட்டுவிட்டு
வண்டியைக் கிளப்பினாள்.

பேருந்துப் பணிமனையில் காவல் ஸுல்ஃபோ.
எழுப்பியதற்கு வைதான், பிறகு சாவி தேடினான்.
நானூறு லிட்டர், குளிரில் பசையாகிக் கிடந்தது.
கம்பி மஞ்சள் காட்டியது,
தகடு மட்டும் வாயாடியது.
ஊதுவிளக்கால் வாட்டி, பழைய திரைச்சீலையில் வடித்து
மூன்றே முக்காலுக்குக் குடிலுக்குப் போனார்கள்.
பர்னர் இரண்டு முறை விக்கி அணைந்தது.
ஹைருதீன் வெறுங்கையால்
அதன் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

விடிந்தபோது
வடக்குக் கதவோரம் இரண்டு வரிசை
கண்ணாடி போல நின்றிருந்தன.
தொட்டால் நொறுங்கின.
அவன் எண்ணினான்: முன்னூற்றுப் பத்து.
நன்றியும் சொல்லவில்லை, ஏசவும் இல்லை.
முன்னூற்றுப் பத்துச் செடிக்கான பணத்தைக்
கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தான்.
அவள் கையெழுத்துப் போட்டாள்,
அழுத்தாமல்.

மே மாதம் சந்தையில் அவன் தக்காளி.
ஒரு கிலோ வாங்கினாள், முழு விலைக்கு.
அந்த ஆறு பீப்பாயை எரிக்கத் தகுந்த உலை
இரண்டு எல்லை தாண்டி இருக்கிறது.
எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.
தக்காளிப் பையோடு கொட்டகைக்கு வந்தவள்
பையை இறக்கி வைக்காமலே
பின்னறைக்குப் போய்
பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.