கோடு இறங்குகிறது

தொண்ணூற்றொன்றில் அது பதினேழாம் வார்டு.
இரண்டாயிரத்தொன்றில் நடுவில் பிளந்து
இருபத்திரண்டும் இருபத்துமூன்றும்.
மாநகராட்சி ஆன மிதப்பில்
மூன்று துண்டாகி மூன்று பக்கம் ஒட்டிக்கொண்டது.
பழைய வரைபடத்தை எண்ணெய்த்தாளில் நகலெடுத்துப்
புதியதன்மேல் வைத்துப் பார்க்கிறேன்.
பாலாற்றங்கரை மட்டும் பொருந்துகிறது,
அதுவும் மணல் லாரி போன இடத்தில் இல்லை.

எனக்கு வேலை இதுதான்:
இருபது வருஷத்தில் காளவாய்மேட்டில்
இல்லாமை எவ்வளவு குறைந்தது, சொல்ல வேண்டும்.
ஒரே எண்ணில். முடிந்தால் தசமத்தோடு.
அண்ணன் தம்பி பாகம் பிரிப்பது போல
தலைக்கணக்குப்படி வார்டுகளைப் பங்கு வைத்தேன்.

கூரை: ஓலை, ஓடு, தளம்.
தண்ணீர்: வீட்டுக்குள், அருகில், தொலைவில்.
கழிப்பறை: உண்டு, இல்லை.
ரேடியோ வைத்திருந்தவர் ஒரு கணக்கில் வசதிக்காரர்.
அடுத்த கணக்கில் தெருவிலேயே ரேடியோ இல்லை,
எல்லோரும் டிவிக்குப் போய்விட்டார்கள்.
அந்த வரியை அடித்தேன்.
சைக்கிள் வரியில் பேனா நின்றது.
விற்றவன் பைக் வாங்கினானா
விற்றுச் சாப்பிட்டானா
படிவத்துக்குத் தெரியாது.

அப்படியும் கோடு இறங்கியது.
அறுபத்தெட்டு, ஐம்பத்தொன்று, பத்தொன்பது.
பங்குனி மாத ஏரி மட்டம் போல.
துறைத்தலைவர் எத்திராஜுலு திரையருகே போய்
பத்தொன்பதை விரலால் தொட்டார்.
"டவுன்லயே இதான் பெஸ்ட்."
எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.
இருபத்தொன்றின் கட்டம் காலி.
தொற்று வந்தது, கணக்கெடுப்பவர் வரவில்லை.
அதற்காகத்தான் நேரில் போனேன்.

சித்திரைப் பகல். வேலூரில் நிழலும் சுடும்.
நூற்றுப்பன்னிரண்டு ஓலைக்கூரை இருந்த இடத்தில்
லாட்ஜ்கள். பலகைகளில் வங்காள எழுத்து.
ஸ்கேன் கவரை விசிறியாக்கி
ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் வெளியூர்க் குடும்பங்கள்.
அவர்களை நாங்கள் எண்ணுவதில்லை.
எண்ணியது மேல்மாடி முதலாளிகளை,
பின்கட்டில் வாடகைக்கிருக்கும் பல் டாக்டரை,
இரண்டு மருந்துக்கடைக்காரரை.
உண்டு, உண்டு, உண்டு.
ஒரு கட்டமும் பொய் இல்லை.

முன்னால் இருந்தவர்கள்?
டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
"அந்த ஜனமா? லாரில ஏத்தி
மலையடிக்கு இட்னு பூட்டாங்கோ. ஆச்சு, வருஷம் இன்னா இருக்கும்..."
கையில் தம்ளர் நிறைந்ததும் அதை விட்டுவிட்டார்.

இரண்டு பஸ் மாறினேன்.
அந்த அடுக்குமாடி ஊராட்சி எல்லையில் இருக்கிறது,
என் அட்டவணைக்கு வெளியே.
மூன்றாம் மாடியில் தேசம்மா கதவு திறந்தாள்.
தளம் போட்ட கூரை. மின்சாரம். டிவி.
கழிப்பறை உண்டு, அதற்குள் விறகு.
என் அளவுகோலில் இவளும் தேறிவிட்டாள்.
தண்ணீர் அருகிலா தொலைவிலா, கேட்டேன்.
"கீழதான் தொட்டி. நாப்பத்திரண்டு படி."
படிவம் மீட்டரில் கேட்கிறது,
தரையோடு படுத்துக்கிடக்கும் மீட்டர்.

விடிகாலை ஐந்தரை பஸ்ஸில்
காளவாய்மேட்டுக்கே போகிறாள்,
லாட்ஜ் படுக்கை விரிப்பு துவைக்க.
தங்கள் குடிசை இருந்தது ரிசப்ஷனா
ஜெனரேட்டர் ரூமா என்று
அவளுக்கும் புருஷனுக்கும் இன்றுவரை தகராறு.
"அந்தாளு ரிசப்ஷன்றாரு. ஆசதான்."

வெயில் மறைக்க பால்கனியில் ஒரு தகரம்,
பழைய வீட்டின் கதவு.
அதன்மேல் செங்காவியில்
இரண்டாயிரத்தொன்றின் கணக்கு எண்,
கடைசி இலக்கம் துருவில் பாதி.
ஏழாக இருக்கலாம். ஒன்றாகவும்.

நோட்டில் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.
"இன்னாத்துக்கு?" என்றாள்.
கடைசி பஸ் ஆறு பத்துக்கு என்றும் சொன்னாள்.
நாற்பத்திரண்டையும் எண்ணிக்கொண்டே இறங்கினேன்.
நாற்பத்துமூன்று வந்தது.