இரண்டு வரி

ஒதிலோன் கெர்வெல்லாவின் கையெழுத்தை
அவர் மனைவியைவிட நன்றாகப் படிப்பேன்.
லெ ஆவ்ர் துறைமுகத்து நாளேட்டில்
இருபத்தாறு வருடம்
அவர் விமர்சனங்களை அச்சுக் கோத்தவன் நான்.

திரை விழுந்த கையோடு
மழைக்கோட்டு சொட்டச் சொட்ட வருவார்.
நின்றுகொண்டே எழுதுவார், எழுதியதை அடிப்பார்,
அடித்ததன் மேலேயே மறுபடி அதையே எழுதுவார்.
நடிகர்கள் வைத்த பெயர்: பல் வைத்தியர்.
ஏழாம் வரிசை, ஓர நாற்காலி.
அவர் கால்மேல் கால் மாற்றிப் போட்டால்
மேடையில் யாரோ வசனம் மறப்பார்கள்.

லியோகாதி ப்ரெவாலைப் பற்றி எழுதியதை
இப்போதும் ஒப்பிப்பேன்:
"செல்வி ப்ரெவால் கதவைத் திறந்தார்.
இரவு முழுக்க அவர் திறந்தது அது ஒன்றுதான்."

ரொட்டிக் கடையில் சிரித்தார்கள்.
கப்பல் பட்டறையில், நாடகமே பார்த்திராதவர்கள்
ஒருவருக்கொருவர் கதவு திறந்து காட்டிச் சிரித்தார்கள்.
வசந்தம் வருவதற்குள் அவள் மேடையில் இல்லை.

அச்சில் வந்தது அவ்வளவு.
தாளில் இன்னும் இருந்தது:
"ஆனால் அதை அவர் மூடியபோது
அரங்கில் யாரும் மூச்சுவிடவில்லை. நானும்."

இருமல் மிட்டாய் விளம்பரம் ஒன்று
கடைசி நிமிடத்தில் வந்து இடம் கேட்டது.
பத்தி இரண்டு வரி நீளம்.
ஆசிரியர் உறங்கப் போயிருந்தார்.
வெட்டியது நான்.

மறுநாள் குரல் உயர்த்தாமல் கேட்டார்,
"அந்த இரண்டு வரி எங்கே?"
"உருக்கியாயிற்று ஐயா."
என் மேலங்கிப் பையில் இருந்தது, நூல் சுற்றி.
ஏன் எடுத்து வைத்தேன், ஏன் பொய் சொன்னேன்,
இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

ஐம்பத்திரண்டு வயதில் பேனாவை மூடினார்.
பாய்மரத் துணி தைத்த பழைய கிடங்கில்
சுவரில்லாமல் ஒரு கதவை மட்டும் நட்டு
நாடகம் போட ஆரம்பித்தார்.
அதற்கு முன் மூன்று நாவல்; மூன்றும்
அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஈரம் குடித்தன.

ஒத்திகை பார்க்கப் போயிருக்கிறேன்.
"மூடுங்கள்" என்பார். மூடுவார்கள்.
"இல்லை. மூடுங்கள்."
அழுதுகொண்டு போனவர்கள் உண்டு,
கதவை உதைத்துவிட்டுப் போனவள் ஒருத்தி உண்டு.
அவளுக்குத்தான் அந்தப் பாத்திரம் கொடுத்தார்.

அவருடைய பழைய நாற்காலியில் வேறொரு இளைஞன்.
"ஒரு கீலுக்காக மூன்று மணி நேரம்" என்று எழுதினான்.
அதையும் நானே கோத்தேன், ஒரு எழுத்து குறையாமல்.
கெர்வெல்லா அதை வெட்டி
ஒப்பனை அறைக் கண்ணாடியில் ஒட்டினார்.
நல்ல வரி என்றார்.

அவர் இறந்த ஜனவரியில்
கிடங்கை மறுபடி துணிக்காரருக்கே கொடுத்துவிட்டார்கள்.
கதவு எங்கே போனதென்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

லியோகாதி, இங்கிலாந்து போகும் படகுகளுக்கு
பயணச்சீட்டு கொடுக்கும் கூண்டில் இருக்கிறாள்.
நரைத்துவிட்டது.
எங்கும் போகவேண்டிய அவசியமில்லாத நான்
வரிசையில் நின்றேன்.
காசோடு சேர்த்து ஈயத்தையும் தள்ளினேன்.

இடவலம் மாறிய எழுத்து.
கண்ணாடி இல்லாமல் அவளால் படிக்க முடியாது;
என்னால் முடியும். படித்துக் காட்டவில்லை.
எடை பார்ப்பவள் போல உள்ளங்கையில் வைத்திருந்தாள்.
"ஒரு வழியா, இரு வழியா?" என்றாள்.

பிறகு மணி அடித்தது, மதிய உணவு நேரம்.
கூண்டின் மரச்சட்டத்தை
இரண்டு விரலால் இழுத்து மூடினாள்.

எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.