ஞாயிற்றுக்கு நாள் குறித்தது

பால் பண்ணைக்காரன் வேண்டாமென்று தள்ளிய
நான்கு நாள் கன்றுகள் இரண்டு.
விரலைச் சப்பக் கொடுத்து
வாளியில் குடிக்கப் பழக்கியபோதே
ஃபெனெல்லா பெயர் வைத்துவிட்டாள்:
செவலை ஞாயிறு. கறுப்பன் திங்கள்.
ஞாயிறு, அடுப்பில் வேகும் பெரிய துண்டு.
திங்கள், மிச்சத்தை ரொட்டிக்குள் வைத்துத் தின்பது.
முடிவு மறந்துவிடக் கூடாது என்றுதான் அப்படி.
இரண்டரை வருடத்தில் அது
வேலியோரம் நின்று கூப்பிடும் சத்தம் மட்டும் ஆகிவிட்டது.

ஏப்ரல் கடைசி.
மட்டாவ்ரா ஆற்றுப் பக்கம்
புல் வளர்வதை நிறுத்துகிற வாரம்.
எங்களுக்குத் தெற்கே ஊர் அதிகமில்லை,
கடல், அப்புறம் பனிக்கண்டம்.
அங்கிருந்து கிளம்பும் காற்று
வேலிக்கம்பியில் சீட்டியடித்துவிட்டு
நேரே சமையலறைக்குள் வரும்.
ஞாயிற்றின் வாலடியில் கை வைத்துப் பார்த்தேன்.
எலும்பு தட்டவில்லை.
பிசைந்த மாவில் போல விரல் இறங்கியது.
திங்களுக்கு இன்னும் விலாவை எண்ணலாம்.
கன்றில் வந்த கழிச்சல்
அவனிடம் ஆறு மாதத்தைக் கடன் வாங்கிப் போனது,
திருப்பித் தரவில்லை.

மர்டோக் ஃபோனில் சொன்னான்:
ஜூன் பன்னிரண்டு இருக்கிறது. விட்டால் செப்டம்பர்.
செப்டம்பருக்குள் குளிர்காலம்
இந்தக் கொழுப்பைத் தின்று தீர்த்திருக்கும்,
நாம் தீவனமும் போட்டுக்கொண்டே.

மின்கட்டண ரசீதின் முதுகில் கணக்குப் போட்டோம்.
புல்லுருளை முப்பத்தொன்று.
ஃபிரீசரில் ஒன்றுக்கு இடம், இரண்டுக்கு இல்லை.
வீட்டில் அறுத்ததை விற்கச் சட்டம் விடாது.
ஒன்றை மட்டும் அனுப்பினால், என்று ஆரம்பித்த வரியை
இரண்டு பேரும் முடிக்கவில்லை.

முடித்தவன் பக்கத்துப் பண்ணை ரீவி.
"தனி மாடு மேயாது. வேலியோரம் நடந்தே இளைக்கும்.
உன் கணக்கெல்லாம் மூன்று வாரத்தில் சாணி."

ஜூன் பத்தாம் தேதி
தன் வயசான பசுவை வண்டியில் ஏற்றி வந்தான்.
ஒற்றைக் கொம்பு, வற்றிய மடி,
யாரையும் சட்டைசெய்யாத முகம்.
கடனுக்கு, என்றான்.
பெயர் கேட்டோம். அதெல்லாம் கிடையாது.

பன்னிரண்டு.
புல் நுனியெல்லாம் வெள்ளையாய் உறைந்த காலை.
மர்டோக் தன் வாடை மாடுகளை எட்டாத பக்கமாக
வண்டியை நிறுத்தினான்.
நான் வாளியை ஆட்டினேன்.
ஞாயிறு வந்தான், எப்போதும் போல முதல் ஆளாய்.
தலை வாளிக்குள் இருந்தது.
ஒரே சத்தம், எதிர்பார்த்ததைவிடச் சின்னது.
பிறகு புல்லின் மேல் நிறைய ஆவி.

நாங்கள் திங்களைத்தான் பார்த்தோம்.
அவனுக்காகத்தானே இத்தனை ஏற்பாடு.
நிமிர்ந்தான். காதை முன்னால் தள்ளினான்.
பசு மேய்வதை நிறுத்தவில்லை.
கொஞ்ச நேரத்தில் அவனும் குனிந்துகொண்டான்.
எனக்கு ஆறுதலாக இருந்தது, கூடவே கோபமாகவும்.
ஃபெனெல்லா காலி வாளியைக் குழாயடியில்
தேவைக்கு மேலே கழுவிக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் குளிரறையில் தொங்கி
வெள்ளைக் காகிதப் பொட்டலங்களாய் வீடு வந்தான்.
தொடை. விலா. வால். கொத்துக்கறி, கொத்துக்கறி, கொத்துக்கறி.
அந்த வாரம் அடுப்பில் வைத்தோம்.
நன்றாக இருந்தது.
அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.

ஆகஸ்ட்டில் ரீவி பசுவைத் திரும்ப ஏற்றிப் போனான்.
அன்றிரவு கத்தினான் திங்கள்.
ஞாயிற்றுக்கு ஒரு முறைகூடத் திறக்காத தொண்டை
ஒற்றைக் கொம்புக்காரிக்காக
மூன்று ராத்திரி மூடவேயில்லை.
வேலியோரம் சேற்றில் ஒரு பாதை விழுந்தது.
ரீவியிடம் கேட்கலாம்தான்.
பசு வேறொருவர் நிலத்தில், வேறொரு மாட்டுக்குத் துணையாக
ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

நான்காம் நாள் மர்டோக் கூப்பிட்டான்.
யாரோ வேண்டாமென்றுவிட்டார்களாம்.
வியாழன் காலியாம்.
திங்களுக்கு வியாழன்.
இன்னும் தேறவில்லையே, என்றேன்.
இனிமேல் தேறுமா, என்றான்.
ஃபிரீசரில் இடமில்லை, என்றேன்.
அதற்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை.

ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினேன்.
சலவை அறையில் ஃபெனெல்லா
ஃபிரீசர் மூடியைத் தலையால் முட்டுக்கொடுத்து
உறைந்த பட்டாணிப் பைகளை
ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.