கச்சான் கோது

கொழும்புக் கோச்சி
விடியப்புறம் வந்து நிண்டு மூச்சு வாங்கும்.
மட்டக்களப்பில இறங்க மறந்து
அங்கால போனவர் எவருமில்ல.
அங்கால தண்டவாளம் இல்ல.
கல்முனைக்குப் போடுவம், பொத்துவிலுக்குப் போடுவம் எண்டு
எலெக்சனுக்கு எலெக்சன் போடுவாங்க,
மைக்கில.

கடைசிச் சனமும் இறங்கினாப் பிறகு
நான் ஏறுவன்.
தும்புத்தடி, வாளி, பழஞ்சீலைத் துண்டு.
பதினொரு வருசமா ஏறுறன்.
நான் போன தூரம்
பிளாற்போமில இருந்து யாட் மட்டும்.

ஆனா எனக்குப் பாதை தெரியும்.
றம்புட்டான் தோல் கிடந்தா
கம்பஹாப் பக்கம் நல்ல மழை.
கச்சான் சுத்தின கொப்பித்தாள்
பொலன்னறுவையில ஏறினது:
ஒரு சிங்களப் புள்ளையிட கூட்டல் கணக்கு,
ஏழும் எட்டும் பதினாலு,
சிவப்புப் பேனையால ஒரு வெட்டு.
அது எனக்கும் வாசிக்க விளங்கும்.
கோது கணுக்கால் மட்டும் கிடந்தா
கல்லோயாவுக்கு இஞ்சால ஆனை நிண்டிருக்கு.
எவ்வளவு லேற் எண்டு
ஸ்ரேசன் மாஸ்ரரிட்டக் கேக்கத் தேவையில்ல.
கூட்டினாத் தெரியும்.

யன்னல் கண்ணாடியில
தலை சாஞ்ச உயரத்தில எண்ணெய் வட்டம்.
ஆளுக்கு ஒரு மங்கின நிலா.
ராவெல்லாம் ஆடி ஆடிக் கிடந்த நித்திரை,
சவர்க்காரம் போட்டாத்தான் போகும்.

ஒத்தைச் செருப்பு, ஊதுபந்து, பால்மா டின்.
ஒருக்கா ஒரு பல்செற்.
அதை ஒப்பீஸ் லாச்சிக்குள்ள வச்சிருக்கு,
இண்டைவரைக்கும் ஆரும் தேடி வரல்ல.

போன மாசம், நாலாம் பெட்டி,
சீற்றுக்கும் சுவருக்கும் இடையில
மண்ணிறக் கவருக்குள்ள ஒரு நெஞ்சு.
எக்ஸ்ரே.
வெளிச்சத்துக்குப் பிடிச்சன்.
ஆரோ ஒராளிட விலாவுக்குள்ளால
தண்ணித் தாங்கி தெரிஞ்சிது,
அதில குந்தியிருந்த காகமும்.

ரிக்கற் குடுக்கிற றொசான் தம்பி வாசிச்சுச் சொன்னான்:
ஆதம்லெவ்வை. வயது அறுபத்தொண்டு. மகரகம.
மகரகம எண்டதும்
ரெண்டு பேரும் ஒண்டும் பேசல்ல.

மூண்டாம் நாள் அக்கரைப்பற்று பஸ்ஸில
அவர்ர பொஞ்சாதி வந்தா.
கவரில இருந்த பேரைப் பாக்கல்ல.
படத்தை இழுத்தெடுத்து வெயிலுக்குப் பிடிச்சு
ஒரு எலும்பில விரல் வச்சா:
"இந்தா, முறிஞ்சு பொருந்தினது.
வண்டில் குடை சாஞ்ச வருசம்.
அவர்தான்."
மற்ற இடத்தை,
வெள்ளையாக் கிடந்ததை,
விரல் தாண்டிப் போயிற்று.

ராவைக்கே திரும்பப் போகோணுமாம்.
காத்தாடி சுத்துற சீற் எது எண்டு கேட்டா.
நாலாம் பெட்டி, இடப்பக்கம், அஞ்சாம் யன்னல்.
அண்டைக்கு அந்தக் கண்ணாடியை
ரெண்டு தரம் துடைச்சன்.

மறுகாதான் யோசிச்சன்,
இஞ்சயிருந்து போற குப்பை?
அங்க கோட்டையில ஒருத்தி இருப்பாள்.
தும்புத்தடியோட ஏறுவாள்.
மட்டக்களப்பைக் கண்டிருக்க மாட்டாள்.
நாவற்பழக் கொட்டை,
பொரிச்ச றால்ர வால்,
உடைஞ்ச தயிர்ச் சட்டி,
மஸ்கற் சுத்தின எண்ணெய்த் தாள்,
இதுகளைக் கூட்டிக் கூட்டித்தான்
எங்கட ஊரைப் படிச்சிருப்பாள்.
நாளைக்கு விடிய
ஆதம்லெவ்வைக் காக்காட நிலாவும்
அவள்ர சீலைத் துண்டில.

அந்தப் பின்னேரம்
அஞ்சாம் யன்னல் சீற்றுக்குக் கீழ,
உள்ளுக்குத் தள்ளி,
ஒரு ஊரி வச்சன்.
கல்லடிக் கடலில மகன் பொறுக்கினது,
ஓரம் கொஞ்சம் உடைஞ்சது.
காட் விசில் ஊதினான்.
பின்னுக்குச் சிவப்பு லைற்
புளியம்பழக் கொட்டையளவாகி
இல்லாமப் போச்சு.

பெட்டி மறுகா எத்தினை தரம் வந்து போயிற்று.
ஒவ்வொரு விடியவும் குனிஞ்சு பாப்பன்.
கோதுதான் கிடக்கும்.
அவளிட்ட இருந்து ஒண்டும் வரல்ல.
ஊரியும் திரும்பி வரல்ல.