ரிவர்ஸ் கியர்

கார்பாத்திய மலை, மூன்றாம் வளைவு.
டாச்சியாவின் முன்சக்கரங்கள்
பனியைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கின.
ஆக்ஸிலேட்டரை விடு என்றேன்.
வியோரிகா பேசவில்லை.
நேற்றிலிருந்தே பேசவில்லை.

சறுக்கி இறங்கி,
மரக்கிடங்கருகே வண்டியைத் திருப்பினாள்.
எஞ்சின் இப்போது பள்ளத்தின் பக்கம்.
பாரமெல்லாம் உருட்டும் சக்கரங்கள் மேல்.
கழுத்தை ஒடித்துப் பின்னால் பார்த்தபடி,
ஒரு கை என் சீட்டின் முதுகில்,
நடைவேகத்தில் ஏறினாள்.
பின்சீட்டில் பீட்ரூட் மூட்டை உருண்டது.

எனக்கு முன்னால்
ஏறிவந்த தடம் மட்டும்
ஹெட்லைட்டில் நீண்டுகொண்டே போனது.
கீழே பெட்ரோல் பங்கின் பச்சை விளக்கு
கடுகாகி, காணாமல் போயிற்று.

வாசலில் கியரிலேயே நிறுத்தினாள்.
ஹேண்ட்பிரேக் போட்டால் உறைந்துவிடும்.
வண்டியின் முகம் ஊரைப் பார்த்திருந்தது.
"காலையில் கிளம்ப வசதி" என்றாள்.

யார் கிளம்ப?
மூட்டையைத் தூக்கிக்கொண்டேன்.
ஈரமாக, நல்ல கனம்.