மஞ்சள் கிளிப்

ஹல் நகரத்துப் பூங்காக் குளத்தில்
அறுபத்தொன்பதில்
ஞாயிறு என்றால் ஆறு நிறம்.
பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம்.
படகுக் கொட்டகைச் சுவரில் ஒரு பலகை.
பலகையில் ஆறு துணிக் கிளிப்புகள்.
உன் அலைவரிசை எந்த நிறமோ
அந்தக் கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொண்டால்தான்
கையிலிருக்கும் பெட்டியை உயிர்ப்பிக்கலாம்.
இல்லையென்றால்
ஒருவன் பொத்தானை அமுக்க
வேறொருவன் படகு திரும்பும்.

நானும் ஹெட்லி ட்ரான்மரும் மஞ்சள்.

என்னுடையது மீன்பிடிக் கப்பல், மூன்றடி நீளம்.
இரண்டு குளிர்காலம் விழுங்கியது.
சமையலறை மேசைமேல் விலா எலும்புகளாய் ஒட்டுப்பலகை.
அவற்றின்மேல் வளைய மறுத்த மரப்பட்டைகளைக்
கெட்டிலின் ஆவியில் காட்டிக் காட்டிக்
கெஞ்சித்தான் வளைத்தேன்.
பசை காயும்வரை பிடித்துக்கொள்ள
மேவிஸின் கொண்டை ஊசிகள்.
புகைபோக்கி, யாரோ கல்யாணத்தில் கொடுத்த
சுருட்டின் அலுமினியக் குழாய்.
ரொட்டியில்கூட வார்னிஷ் வாடை என்றாள் மேவிஸ்.
உண்மை.
அதற்குப் பிறகு எந்த ரொட்டியும்
அவ்வளவு ருசித்ததில்லை.

சுக்கானுக்கு ஒரே பொத்தான்.
ஒரு தட்டு, வலம்.
இரண்டு தட்டு, இடம்.
விட்டால் நேர்.
படகின் வயிற்றுக்குள் முறுக்கிய ரப்பர்
ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் அவிழும்.
நடுக்குளத்தில் முறுக்கு தீர்ந்தால்
வாத்துகளுக்கு மத்தியில் செக்குமாடு,
பேட்டரி சாகும்வரை.
கரையில் நாங்கள் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு
அது சாவதற்குக் காத்திருப்போம்.
அந்தக் காத்திருப்பில்தான்
ஹெட்லியை எனக்குத் தெரியும்:
மீன்துறையில் ஐஸ் உடைப்பவன்,
விரல் நுனிகள் எப்போதும் வெள்ளை,
ஒரு தட்டையும் இரண்டு தட்டையும்
வாய்க்குள் எண்ணிக்கொண்டே தட்டுவான்.

ஒரு ஞாயிறு, கிளிப் என் சட்டையில்.
ஒரு தட்டுத் தட்டினேன்.
படகு இடப்பக்கம் திரும்பிக்
கல்சுவரில் முட்டிப் பாய்மரம் ஒடிந்தது.
கொட்டகைக்குப் பின்னால் ஹெட்லி,
புது பேட்டரியைச் சோதித்துப் பார்த்தானாம்.
மறந்துட்டேன், வில்ஃப்.
மறந்துட்டேன்.
நான் நம்பவில்லை.

அடுத்த ஞாயிறு ஆளரவமற்ற நேரத்தில் போனேன்.
படகு கொண்டுபோகவில்லை.
மஞ்சள் கிளிப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு
எதிரே பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்தேன்.
பத்து மணிக்கு மழையோடு வந்தான்.
இழுவைப் படகு அக்குளில்.
பலகையைப் பார்த்தான்.
குளத்தைப் பார்த்தான்.
குளத்தில் வாத்துகூட இல்லை.
பலகையை மறுபடி பார்த்தான்.
ஒரு மணி நேரம் நின்றான்.
பெட்டியைத் திறக்கவே இல்லை.

வசந்தத்தில் குடும்பத்தோடு கனடா போனான் என்றார்கள்.
நான் கேட்கவில்லை, அவர்களாகச் சொன்னார்கள்.

இந்த வாரம் படகைப் பரணிலிருந்து இறக்கினேன்.
கம்பிகளுக்குப் புதிதாக ஈயம் வைத்தேன்.
ரப்பர் மட்டும் பொடிந்து போயிருந்தது, மாற்றினேன்.
கொட்டகையில் இப்போது காபி விற்கிறார்கள்.
பலகை இருந்த இடத்தில் விலைப்பட்டியல்.
கரையில் ஒரு பெண் வேகப்படகு விடுகிறாள்.
அவள் ரேடியோ தானே காற்றில்
காலியிடம் தேடிக்கொள்கிறதாம்.
யாரும் யாருக்கும் வழிவிட வேண்டாம்.
நல்லதுதான் என்றேன்.

ஒரு தட்டு, வலம்.
இரண்டு தட்டு, இடம்.
கட்டைவிரலுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.
ஒடிந்த பாய்மரத்தை நான் ஒட்டவே இல்லை என்பதும்.

பிறகு கிளிப்பைச் சட்டையிலிருந்து கழற்றிக்
கம்பிவேலியில், குளத்தைப் பார்க்க மாட்டினேன்.
கிளிப்பைத் திருப்பி மாட்டியவன்
பெட்டியை அணைக்க வேண்டும், விதி அது.
அணைத்தேன்.

இப்போது மஞ்சள் காலி.
படகு நேராகப் போகிறது.
மறுகரை முழுக்க நாணல்.
சிக்கினால் இறங்கி எடுக்க
முழங்கால் பூட்ஸ் கொண்டுவந்திருக்கிறேன்.
கொஞ்ச நேரம் பார்க்கலாம்.